மதுரைத் தண்ணீரில் நான் ரிட்டர்ன் வால்வு: நாலைந்து கோடை போனபின் எது நிற்கிறது

மாநகராட்சித் தண்ணீர் நின்றதும் மீட்டர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். உள்ளே இருக்கும் சின்ன நட்சத்திரச் சக்கரம் ஒன்றிரண்டு முறை ஆடி நின்றால் அது குழாய்க் காற்று. விடாமல் பின்பக்கமாகச் சுற்றினால் உங்கள் தொட்டித் தண்ணீர் தெருக்குழாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது. நான் ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விட்டுத் திரும்ப விடாத வால்வு, இருக்கிற வீட்டிலும் இது நடக்கும். மாட்டி நாலைந்து ஆண்டு ஆகி, நடுவில் ஒரு முறைகூடத் திறந்து பார்க்காத வால்வு பாதி மூடியும் மூடாமலும்தான் இருக்கும்.

வைகை அணைத் தண்ணீர் நம் தெருவில் நாள் முழுக்க ஓடுவதில்லை. முறை முடிந்ததும் தெருக்குழாய் காலியாகிறது. பள்ளத்தில் இருக்கிற வீட்டில் யாராவது குழாயைத் திறந்தால், அந்த இழுப்பில் மேட்டு வீட்டுச் சம்ப்பிலிருந்து தண்ணீர் கிளம்பும். சம்ப்புக்குள் இறங்கும் குழாயின் வாய் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் இது முடியும். அதனால் வால்வு வாங்கும் முன் அந்தக் குழாயை அறுத்து மேலே தூக்குங்கள். தொட்டி நிரம்பி வழியும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு இடைவெளி வேண்டும். எந்தக் குழாயானாலும் 25 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இந்தக் காற்று இடைவெளிக்கு வாஷர் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பழுதும் இல்லை. எந்த வால்வையும் இதற்கு மேலாகச் சொல்ல மாட்டோம்.

அழுத்தம் குறைந்த தெருவில் குழாயை மேலே தூக்கினால் தண்ணீர் ஏறாது என்பார்கள். பல இடங்களில் உண்மைதான். அங்கேயும், போர் லைனும் மாநகராட்சி லைனும் ஒரே குழாயில் சேர்கிற வீட்டிலும் வால்வு தவிர்க்க முடியாதது.

மீட்டருக்குப் பின்னால் படுக்கையாகப் போகும் குழாய்க்குப் பித்தளை ஸ்விங் வகை நல்லது. உள்ளே இருக்கும் தட்டு தன் எடையிலேயே விழுந்து மூடும். லேசான அழுத்தத்துக்கும் திறக்கும். மேலிருந்து கீழே பாயும் குழாயில் மட்டும் போடாதீர்கள், தட்டு தொங்கியபடியே திறந்திருக்கும். ஸ்பிரிங் வகையை எந்தத் திசையிலும் போடலாம். ஆனால் ஸ்பிரிங்கைத் தள்ளவே கொஞ்சம் அழுத்தம் செலவாகும், அதனால் அதன் இடம் மோட்டார் டெலிவரிதான். மோட்டார் நின்றதும் 'டொம்' என்று குழாய் அடிப்பதையும் அது குறைக்கும். பி.வி.சி. பந்து வகை விலை குறைவு. ஒட்டும்போது வழிகிற சால்வென்ட் பசை பந்து உட்காரும் இடத்தில் காய்ந்துவிட்டால் முதல் நாளே கசியும். பித்தளையில் ஐ.எஸ். 778 (இந்தியத் தர நிர்ணயம்) முத்திரை பார்த்து வாங்குங்கள்.

ஆண்டுச் சோதனைக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்கிற தெளிவான டியூப் போதும். ஆனால் மாட்டும்போதே இந்த வரிசை இருக்க வேண்டும்: தெருப்பக்கம் ஒரு பால் வால்வு (கைப்பிடியைத் திருப்பி மூடுவது), டீயில் (T வடிவ மூட்டு) அரை இஞ்ச் டேப் (தண்ணீர் பிடிக்கும் திருகுக் குழாய்), நான் ரிட்டர்ன், இன்னொரு டீயில் டேப், வீட்டுப்பக்கம் ஒரு பால் வால்வு. இருபுறமும் யூனியன், அதாவது குழாயை அறுக்காமல் கழற்றி மாட்டும் இணைப்பு. இவை இல்லாமல் பொருத்திய வால்வைச் சோதிக்கவே முடியாது.

தண்ணீர் வராத நாளில் இரண்டு பால் வால்வையும் மூடுங்கள். தெருப்பக்க டேப்பைத் திறந்து, நின்ற தண்ணீரை மக்கில் பிடித்துவிட்டு, திறந்தபடியே விடுங்கள். வீட்டுப்பக்க டேப்பில் டியூபைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கி, டேப்பைத் திறந்து, சுவரோடு நேராக நிறுத்தி, வால்வுக்கு மேல் 70 செ.மீ. வரை தண்ணீர் ஊற்றுங்கள். டியூபைச் சுண்டிக் குமிழை வெளியேற்றி மார்க்கரால் ஒரு கோடு. ஐந்து நிமிடம். மட்டம் அசையாமல், தெருப்பக்க டேப் காய்ந்திருந்தால் வால்வு நன்றாக இருக்கிறது. மட்டம் இறங்கி அந்த டேப்பும் சொட்டினால் நான் ரிட்டர்ன் விடுகிறது. மட்டம் இறங்குகிறது, டேப் சொட்டவில்லை என்றால் பால் வால்வோ மூட்டோ கசிகிறது. மட்டம் ஏறினால் வீட்டுப்பக்கப் பால் வால்வு மேல்தொட்டித் தண்ணீரை விடுகிறது.

70 செ.மீ. தண்ணீர் உயரம் என்பது ஒரு பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தம். இவ்வளவு குறைவாகச் சோதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. மேல்தொட்டியின் முழு அழுத்தம் தட்டை அழுத்தி மூடிவிடும், கசிவு தெரியாது. லேசான அழுத்தத்தில்தான் உப்புப் படிந்த தட்டு தன் குணத்தைக் காட்டும்.

கசிந்தால் உடனே புதிது வாங்காதீர்கள். மேல் மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும்: போர் தண்ணீரின் வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு, தெருவில் குழாய் தோண்டிய பின் வந்த மணல், அல்லது சுருண்டு கிடக்கும் டெஃப்ளான் டேப் துணுக்கு. மூன்றாவதுதான் அதிகம் எரிச்சலூட்டுவது, ஏனென்றால் அது பொருத்தியவர் கையால் வந்தது. முதல் புரியை விட்டு இரண்டாவதிலிருந்து டெஃப்ளான் டேப் சுற்றினால் துணுக்கு உள்ளே போகாது. படிவுக்கு வினிகரும் தண்ணீரும் பாதிப்பாதி, அரை மணி ஊறல், பழைய டூத் பிரஷ். கழிவறை கழுவும் ஆசிட் வேண்டாம், பித்தளை அரித்துப்போகும். ரப்பர் வாஷரில் நகத்தால் அழுத்தினால் பள்ளம் மீளாமல் நின்றால் மாற்றுங்கள். கிரீஸ் தடவினால் சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

இன்னொரு கண்காணிப்பு டி.டி.எஸ். மீட்டரால், அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் கருவியால். போர் உப்பாக இருக்கிற வீட்டில், முறை தொடங்கும்போது சம்ப்புக்கு முந்தைய டேப்பில் வருகிற முதல் டம்ளரை அளந்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். முதல் டம்ளர் மட்டும் போர் தண்ணீர் அளவை ஒட்டி நின்றால் போர் லைன் வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

மாநகராட்சி இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுகிற வீட்டுக்கு எந்த வால்வும் பயன்படாது. அந்த இழுப்பில் தெருக்குழாயின் ஓட்டை வழியே சாக்கடையே உள்ளே வரும்.

சுங்குடிச் சாயப் பட்டறை, பாய்லர் உள்ள ஹோட்டல், டயாலிசிஸ் நடத்தும் மருத்துவமனை ஆகியவற்றுக்கு ஒற்றை நான் ரிட்டர்ன் போதாது. சாயத் தொட்டியில் ஹோஸ் மூழ்கிக் கிடப்பதே பெரிய ஆபத்து. அமெரிக்காவில் இத்தகைய இடங்களில் ஆர்.பி.இசட். வால்வு வைத்து, பல ஊர்களில் ஆண்டுதோறும் சான்று பெற்ற ஆளால் சோதிக்கச் சொல்கிறார்கள். அதற்குள் திரும்ப விடாத தட்டுகள் (செக்) இரண்டு, நடுவில் வெளியே கொட்டும் வாய். முதல் செக்குக்கு இருபுறமும் உள்ள அழுத்த வித்தியாசம் 2 பி.எஸ்.ஐ.க்குக் குறையும் முன் அந்த வாய் திறந்துவிட வேண்டும். ஆனால் அந்த வால்வே சுமார் 7 மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தத்தை விழுங்கும். நம் தெரு அழுத்தத்தில் மீட்டருக்குப் பின்னால் வைத்தால் தண்ணீரே வராது. மோட்டாருக்குப் பின்னால், தரைக்கு மேலே, கொட்டுவாய் தெரியும்படி வையுங்கள். குழிக்குள் வைத்தால் மழையில் அந்த வாயே மூழ்கும். அதற்கு வசதி இல்லாத பட்டறைக்குத் தனியாக ஒரு 500 லிட்டர் தொட்டி, மேலே காற்று இடைவெளி, அதிலிருந்து சாய லைன். செலவும் குறைவு, காவலும் உறுதி.

சோதனையை மாசியில் வைத்துக்கொள்ளுங்கள், சித்திரையில் முறை தள்ளிப்போய்க் குழாய் அடிக்கடி காலியாவதற்கு முன். தேதியைப் பெயிண்ட் மார்க்கரால் வால்வின் உடம்பிலேயே எழுதுங்கள், ஓட்டம் காட்டும் அம்புக்குறிக்குப் பக்கத்தில்.