மீன் மயக்க மருந்துகள்: சாயும் வேகமல்ல, செவுளும் இரத்தமும்

வளர்ப்பு மீன்களுக்குத் தடுப்பூசி போடுவதற்கும், இரத்தம் எடுப்பதற்கும், தாய்மீன்களிலிருந்து முட்டையைப் பிழிந்தெடுப்பதற்கும் மயக்க மருந்து தேவைப்படுகிறது. எம்.எஸ். 222 என்று விற்கப்படும் ட்ரைக்கைன், கிராம்பு எண்ணெய், 2-பினாக்சிஎத்தனால், மெட்டோமிடேட் ஆகிய நான்கையும் கெண்டையிலும் திலேப்பியாவிலும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். மூன்று நிமிடத்துக்குள் மயங்கி, நல்ல நீருக்கு மாற்றிய ஐந்து நிமிடத்துக்குள் தெளிய வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். அளவைக் கூட்டினால் எந்த மருந்திலும் மீன் விரைவாகச் சாய்ந்துவிடும் என்பதால், அந்த வேகத்தை மட்டும் பார்த்து மருந்தை வாங்குவது தவறு.

ட்ரைக்கைன் நீரில் எளிதில் கரையும் வெள்ளைத் தூள். நரம்புகளின் சோடியம் வாயில்களை அடைத்து உணர்வை நிறுத்துகிறது. பல இனங்களுக்கு லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராம் போதும். இதன் குறை அமிலத்தன்மை. மென்னீரில் தூளை மட்டும் கலந்த என் முதல் முயற்சியில், மீன்கள் தொட்டிச் சுவரில் மோதித் துள்ளி, வாயைப் பிளந்துகொண்டு நீர்மட்டத்துக்கு வந்தன. தூளின் எடையைப் போல இரு மடங்கு சமையல் சோடா சேர்த்த அடுத்த தொட்டியில், அதே வயது மீன்கள் சத்தமில்லாமல் ஒருபக்கம் சாய்ந்தன. சோடா சேர்க்காமல் எடுத்த இரத்தத்தில், அழுத்தத்தின் அறிகுறியாகச் சர்க்கரை ஏறியிருந்தால், அதில் மருந்தின் பங்கு எவ்வளவு, அமிலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியில்லை. சோடா சேர்த்தாலும், உடல் அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோனான கார்ட்டிசால் ஓரளவு உயரத்தான் செய்கிறது. கரைசலை இருட்டில் வைக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் பழுப்பாகிவிடும்.

கிராம்பு எண்ணெயின் வேலையைச் செய்வது அதிலுள்ள யூஜெனால். குளிர்ந்த நீரில் எண்ணெய் கலக்காது. ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு எத்தனால் சேர்த்துக் கரைத்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும், இல்லையெனில் துளிகளாக மிதக்கும். பல ஒப்பீடுகளில் இது ட்ரைக்கைனைவிடக் கார்ட்டிசாலைக் குறைவாகவே உயர்த்தியிருக்கிறது என்பது இதற்குச் சாதகமான செய்தி. ஆனால் மூச்சை அடக்குவதில் இது கடுமையானது: செவுள் மூடியின் அசைவு குறைய, இதயத் துடிப்பும் தளர்ந்து, இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. தெளிவதற்கும் கூடுதல் நேரம் பிடிக்கிறது. இதைப் பயன்படுத்தும்போது நான் கடிகாரத்தைவிடச் செவுள் மூடியையே பார்க்கிறேன். ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி நீண்டதும், மீனைக் காற்றூட்டிய நீருக்கு மாற்றி, வாய்வழியே செவுளுக்கு நீர் பாயும்படி பிடித்துக்கொள்கிறேன். யூஜெனாலின் விகிதம் குறிப்பிடப்படாத ஒரு புட்டியை ஒருமுறை வாங்கி, வழக்கமான அளவையே ஊற்றியதில், பாதி மீன்கள் தெளிவதற்குள் பொறுமை போய்விட்டது. விகிதம் அச்சிடாத புட்டியை இப்போது தொடுவதில்லை.

பினாக்சிஎத்தனாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மீனை அசையாமல் கிடத்துகிறது. வலியை நீக்கும் ஆற்றல் குறைவு என்பதால் அறுவைக்கு நான் எடுப்பதில்லை. கையுறை அவசியம்.

மெட்டோமிடேட்டைத்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இதைக் கொடுத்த மீனில் கார்ட்டிசால் ஏறுவதில்லை என்பது உண்மை. ஆனால் கார்ட்டிசாலைச் சுரக்கும் திசுவில் அதை உருவாக்கும் நொதியையே இம்மருந்து தடுத்துவிடுகிறது. அபாய மணியின் கம்பியை அறுத்துவிட்டு, மணி அடிக்கவில்லையே என்று நிம்மதியடைவது போன்றது இது. மயங்கிய மீனின் உடல் கருத்துப்போவதும் தசைகள் துடிப்பதும் உண்டு. துடிக்கும் தசையில் ஊசியைச் செலுத்துவது எரிச்சலூட்டும் வேலை. இடமாற்றத்தின்போது லேசாக அமைதிப்படுத்த இது உதவும். அதனிடமிருந்து கிடைக்கும் கார்ட்டிசால் எண்ணை ட்ரைக்கைனுடையதோடு பக்கத்தில் வைத்து, அழுத்தம் குறைவு என்று முடிவெழுதுவதை நான் ஏற்கவில்லை.

இரத்தம் எடுக்கவும் அறுவைக்கும் சோடா சேர்த்த ட்ரைக்கைன், எடை பார்ப்பதற்குக் கிராம்பு எண்ணெய் என்று என் அலமாரி இப்போது சுருங்கிவிட்டது. உண்ணும் மீனுக்குக் கிராம்பு எண்ணெயை எல்லா நாடுகளும் அனுமதிப்பதில்லை. அனுமதிக்கப்பட்ட மருந்துக்கும் அறுவடைக்கு முன் காத்திருப்புக் காலம் இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் எந்த மருந்தும் விரைந்து வேலை செய்வதால், முந்தைய நாளே இரையை நிறுத்திய மீன்களில் ஐந்தாறை மட்டும் அதே தொட்டி நீரில் மயக்கித் தெளிவித்துப் பார்த்த பிறகுதான் மீதியை இறக்குகிறேன்.