9 வருட செட்ரிசின்: ஒரே அட்டை, ஆளுக்கொரு அளவு

கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகும் பிக்கப் ஓட்டுகிறேன். பின்னிரவுப் பனியில் மூட்டை ஏற்றும்போது ஆரம்பித்தால் இருபது தும்மலுக்குக் குறையாது. லோடுமேன்கள் சத்தமாக எண்ணுவார்கள். 2016-இல் டாக்டர் செட்ரிசின் என்கிற அலர்ஜி மாத்திரை 10 மி.கி. எழுதித் தந்தார், தினம் ஒன்று.

தும்மல், மூக்கு ஒழுகல், கண் அரிப்பு எல்லாம் ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். மூக்கடைப்புக்கு மட்டும் இது பெரிதாக உதவியதில்லை. அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரேதான்.

'தூக்கம் வராத மாத்திரை' என்று சொல்லித்தான் மெடிக்கலில் கொடுத்தார்கள். அவில், சிபிஎம் (குளோர்ஃபெனிரமின்) என்கிற பழைய அலர்ஜி மருந்துகள் மாதிரி ஆளைச் சாய்க்காது, அவ்வளவுதான். முதல் வாரமே பர்லியார் இறக்கத்தில் கண் சொருகி, வண்டியை ஓரங்கட்டி முகம் கழுவினேன். எல்லோரையும் போல ராத்திரி போட்டால் எனக்கு ஆகாது, 2 மணிக்கே வண்டி எடுக்க வேண்டும். மண்டியிலிருந்து திரும்பி, மதியம் சாவியை ஆணியில் மாட்டியதும் போடுகிறேன். 24 மணி நேரம் தாங்குகிற மாத்திரை என்பதால் மறுநாள் லோடு வரைக்கும் காப்பாற்றுகிறது.

2021-இல் காணாக்கடி வந்தது. உடம்பெல்லாம் தடிப்பு, இரண்டு மாதம் ஆகியும் விடவில்லை. குன்னூரில் பார்த்த தோல் டாக்டர் அதே மாத்திரையை இரண்டு வேளையாக்கினார். நாள்பட்ட காணாக்கடிக்கு, டாக்டர் கண்காணிப்பில், வழக்கமான அளவைப்போல நான்கு மடங்கு வரைகூடப் போவதுண்டாம். எனக்கு இரண்டுக்கே ஸ்டியரிங்கில் தலை கவிழ்ந்தது. ஃபெக்ஸோஃபெனடின் என்கிற வேறொரு அலர்ஜி மாத்திரைக்கு மாற்றினார். அதிலும் தும்மலுக்கு 120 மி.கி., காணாக்கடிக்கு 180. ஆரஞ்சு, ஆப்பிள் ஜூஸோடு விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது, தண்ணீரில்தான் போட வேண்டும். தடிப்பு போன பிறகு விலை பார்த்து செட்ரிசினுக்கே திரும்பினேன்.

வீட்டில் பயந்தது அம்மாவை வைத்துத்தான். 74 வயது, சர்க்கரை வேறு. தும்முகிறாளே என்று என் அட்டையிலிருந்தே தினம் ஒரு முழு மாத்திரை கொடுத்தேன். நாலாம் நாள் அவரைக்காய் உரித்துக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப் போனாள். எழுப்பினால் பேச்சு குழறுகிறது. கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் என்னைத்தான் திட்டினார். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரில்தான் வெளியேறும். கிட்னி மெதுவாக வேலை செய்கிறவர்களுக்கு நேற்றையது போகுமுன் இன்றையது வந்து சேர்ந்துவிடும். அம்மாவுக்கு இப்போது 5 மி.கி., அதுவும் தும்மல் இருக்கும் நாளில் மட்டும்.

5 வயது மகளுக்கு சிரப். 5 மில்லியில் 5 மி.கி. உள்ள பாட்டில், காலையும் இரவும் 2.5 மில்லி என்று டாக்டர் எழுதினார். சமையல் கரண்டியில் ஊற்றாமல் மூடியோடு வரும் அளவுக் குவளையில் ஊற்றுங்கள். கூடவே சளி சிரப் வாங்கினால் அதில் சிபிஎம் இருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள். 4 வயதுக்குக் கீழே சிபிஎம்மும் ஃபினைலெஃப்ரின் என்கிற மூக்கடைப்பு மருந்தும் கலந்த சிரப் கூடாது என்று அச்சிடச் சொல்லி 2023-இல் மத்திய அரசே உத்தரவு போட்டிருக்கிறது.

போன வருடம், 2025 கோடையில், தும்மல் இல்லையே என்று மாத்திரையைப் பட்டென்று நிறுத்தினேன். மூன்றாம் நாள் உள்ளங்கையும் தலையும் அரிக்க ஆரம்பித்தது. தடிப்பு ஒன்றுமில்லை, வெறும் அரிப்பு, ராத்திரி முழுக்க. கம்பளியில் பூச்சி என்று நினைத்து வீட்டிலிருந்த அத்தனை கம்பளியையும் வெந்நீரில் துவைத்தோம்; ஊட்டிக் குளிரில் அவை காய நாலு நாள். டாக்டர் சிரித்துவிட்டார். மாதக்கணக்கில் தினமும் செட்ரிசின் போட்டு நிறுத்துகிற சிலருக்கு இப்படி வரும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மே மாதம்தான் எச்சரித்திருந்ததாம். மறுபடி ஆரம்பித்ததும் அரிப்பு நின்றது. அப்புறம் அவர் சொன்னபடி தினம் பாதி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி. இப்போது வாரம் இரண்டு பாதியில் வந்து நிற்கிறேன். லோடுமேன்கள் நேற்று எட்டு வரை எண்ணினார்கள்.