மீன்தொட்டி அடியில் எதை விடலாம்: குஹ்லியா, ஹில்ஸ்ட்ரீமா?

இரண்டும் அடியில் வாழும் லோச் வகை மீன்கள். குஹ்லி லோச் நம்ம அயிரைக்குப் பங்காளி, ஒரே குடும்பம். ஹில்ஸ்ட்ரீம் லோச் தூரத்துச் சொந்தம்.

பிறந்த இடம்: குஹ்லி, இந்தோனேசியாவில் இலைச்சருகு படிந்த மெதுவான ஓடைகள். ஹில்ஸ்ட்ரீம் (அறிவியல் பெயர் செவெல்லியா லினியோலாட்டா), மத்திய வியட்நாமின் பாய்ந்தோடும் பாறை ஓடைகள்.

வெப்பம்: குஹ்லிக்கு 24–28 டிகிரி. ஹில்ஸ்ட்ரீமுக்கு 20–24. இங்கேதான் சிக்கல். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டி 30-ஐச் சாதாரணமாகத் தொடும். தண்ணீர் சூடானால் அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். வேகநீரில் பழகிய மீன் திணறும். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கினால் கரண்ட் பில்லில் நாம் திணறுவோம்.

தரை: குஹ்லிக்கு நைஸான மணல், கூரான சரளை அதன் மீசையைத் தேய்த்துவிடும். ஹில்ஸ்ட்ரீமுக்கு உருண்டைக் கூழாங்கல், பலமான பம்ப்.

தீனி: குஹ்லி, அடியில் மூழ்கும் தீனி எதுவானாலும் சரி. ஹில்ஸ்ட்ரீம் கல்லில் படிந்த பாசியை மேயும். புதுத் தொட்டியில் பட்டினி.

குஹ்லி பகலில் ஒளிந்துகொள்ளும், ஐந்தாறாக விட்டால்தான் தலைகாட்டும். கண்ணாடியில் அட்டைபோல ஒட்டி நிற்கும் ஹில்ஸ்ட்ரீம்தான் பார்க்க அழகு.

முதல் தொட்டி, ஏசி இல்லாத வீடு: குஹ்லி. ஊட்டி, கொடைக்கானல்காரர், பாசி பிடித்த பழைய தொட்டி: ஹில்ஸ்ட்ரீம்.