மஞ்சள் கிளிப் கண்ணாடி: இரண்டு வருடம் போட்டுப் பார்த்த பிறகு

"அத்தான், ராத்திரி வண்டி ஓட்டும்போது பவர் கண்ணாடி மேல மாட்டுவீங்களே, அந்த மஞ்சள் கிளிப், நல்லா இருக்கா? இப்ப 300 ரூபாய்க்குக் கிடைக்குது" என்று மச்சினன் போன வாரம் கேட்டான். நான் 550 கொடுத்து வாங்கியது. போனில் உடனே பதில் சொல்ல வரவில்லை.

பொருளில் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடம் ஆகியும் கிளிப்பின் பிடி தளரவில்லை. ஒரு விரலால் மேலே தூக்கிவிடலாம், அங்கேயே நிற்கும். மாட்டியிருப்பதே தெரியாத எடை. தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு முதல் தடவை போட்டுக்கொண்டு போன இரவு நன்றாக நினைவிருக்கிறது. எதிரே வரும் எல்இடி விளக்கின் ஊசி வெள்ளை, வெண்ணெய் நிறத்துக்கு மாறிவிட்டது. வீடு சேர்ந்தபோது கண் எரிச்சல் இல்லை. பார்த்தவர்களிடம் எல்லாம் வாங்கச் சொன்னேன்.

ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை போகாத ஒரு தொல்லை, அந்த இரட்டை விளக்கு. கிளிப்புக்கும் என் கண்ணாடிக்கும் நடுவே சின்ன இடைவெளி இருக்கிறது. எதிர் வெளிச்சம் அதற்குள் பட்டுத் திரும்பி, அசல் விளக்குக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொன்று மிதக்கிறது. கோட்டிங் இல்லாத பிளாஸ்டிக் லென்ஸின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். கிளிப் மாட்டினால் அப்படி இரண்டு பரப்பு கூடுகிறது. எத்தனை துடைத்தாலும் போகாது. நடுத்தடுப்பு இல்லாத வளைவில், வருவது ஒரு பைக்கா இரண்டா என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடிக்காகத்தான் எனக்கு இத்தனை கோபம்.

போன கார்த்திகையில் ஒரத்தநாடு தாண்டி ஒரு பஸ் ஹைபீமோடு கடந்து போனது. அது போன பிறகுதான், ஓரத்தில் கறுப்புப் போர்வையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன பெரியவர் கண்ணில் பட்டார். ரொம்பப் பக்கத்தில். வண்டியை ஓரம் கட்டிவிட்டு கிளிப்பைத் தூக்கிப் பார்த்தேன். சாலை இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கூசுகிற வெளிச்சத்தோடு, இருட்டில் நமக்குத் தேவையான கொஞ்ச வெளிச்சத்தையும் மஞ்சள் லென்ஸ் சேர்த்தே வடிகட்டிவிடுகிறது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். ஹார்வர்டைச் சேர்ந்த ஷெப்பன்ஸ் கண் ஆராய்ச்சி நிலையத்தார், 22 பேரைக் கார் சிமுலேட்டரில் உட்கார வைத்துச் செய்த ஆய்வு 2019இல் வந்திருக்கிறது. மஞ்சள் கண்ணாடியால் பாதசாரிகளைக் கண்டுகொள்வது மேம்படவில்லை என்பதுதான் முடிவு. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்கும் போலரைஸ்டு வகையும் இதற்கு மருந்தில்லை. ஈரச் சாலையில் பட்டுத் தெறிக்கும் பளபளப்பை அது குறைக்கும். நேரே வரும் ஹெட்லைட்டிடம் அதன் தனி வித்தை பலிக்காது, எல்லாவற்றையும் சேர்த்து இருட்டாக்கத்தான் செய்யும்.

எனக்கு உண்மையில் உதவியது கண் பரிசோதனை. கண்ணின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் சிலிண்டர் பவர் மாறியிருந்தது. விளக்கிலிருந்து கோடு கோடாக இழுத்ததற்கு அதுதான் காரணம். புது லென்ஸை, வெளிச்சம் பட்டுத் திரும்புவதைக் குறைக்கும் ஆன்டி-ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங்கோடு போட்டேன். விண்ட்ஷீல்டின் உள்பக்கம் படிந்திருந்த எண்ணெய்ப் படலத்தையும் துடைத்தேன். பாதித் தொல்லை போய்விட்டது. மீதிப் பாதி, எதிரே டிம் பண்ணாமல் வருகிறவர்கள் கையில். நான்கு வழிச்சாலையில் நடுவே வளர்த்திருக்கும் அரளிச்செடி செய்கிற வேலையை எந்தக் கண்ணாடியும் செய்யாது.

தூக்கிப் போட மனம் வராமல் கிளிப் டாஷ்போர்டில் கிடக்கிறது. சாயங்காலம் மேற்கே பார்த்து ஓட்டும்போது இப்போதும் மாட்டுகிறேன், சுகமாகவே இருக்கிறது. ஆனால் மச்சினன் கேட்டது ராத்திரிக்கு. வாங்காதே என்று சொல்லிவிட்டேன். அவனுக்கும் சிலிண்டர் பவர் உண்டு, கண் பரிசோதனை செய்து நாலு வருடம் ஆகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை நானே கூட்டிப் போகிறேன்.