நாலு வருஷமாகச் சின்ன அறையில் வயலின் சாதகம்: எது நின்றது, எது போனது

வீட்டில் சும்மா கிடந்த சின்ன அறையை வயலின் சாதகத்துக்கென்று, அதாவது பயிற்சிக்கென்று, ஒதுக்கி நாலு வருஷம் ஆகிறது. 3 மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் அகலம், சுற்றிலும் வெறும் சுவர், கீழே டைல்ஸ் தரை. கையில் பணம் குறைவாக இருந்ததால் ஒவ்வொன்றையும் யோசித்துத்தான் வாங்கினேன். அப்படியும் முதல் செலவே வீணாகப் போயிற்று.

அலையலையாக வெட்டிய மெல்லிய ஃபோம் தகடுகளை வாங்கி ஒரு சுவர் முழுக்க ஒட்டினேன். பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போகாது என்று நம்பியிருந்தேன். ஒட்டி முடித்த அன்றே அவர்களிடம் கேட்டேன். முன்பு போலவே கேட்கிறது என்றார்கள். சத்தம் சுவரைத் தாண்டாமல் தடுப்பது ஒரு வேலை, அறைக்குள் எதிரொலிப்பதைக் குறைப்பது வேறு வேலை. முதல் வேலைக்கு எடை வேண்டும், இடுக்கில்லாத அடைப்பு வேண்டும். ஃபோம் இரண்டாவது வேலைக்கானது. அதிலும் மெல்லிய ஃபோம் கீச்சென்ற மேல்ஸ்தாயி ஒலியை மட்டும் தின்னும். வயலினின் மிகத் தாழ்ந்த கடைசித் தந்தி வழக்கமான மேற்கத்தியச் சுருதியில் 196 ஹெர்ட்ஸ். அந்த ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மீட்டர். விரற்கடை தடிமன் ஃபோம் அதை என்ன செய்துவிட முடியும்? எட்டாவது மாதம் பசை விட்டுத் தகடுகள் ஒவ்வொன்றாக விழுந்தன, சுவரின் பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு.

அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். என் அறையில் தட்டிய பிறகு 'ட்ர்ர்ர்' என்று ஒரு நடுக்கம் கேட்கும். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே ஒலி மாட்டிக்கொண்டு மோதுவதால் வருவது அது. ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது என்றால், இரண்டரை மீட்டர் இடைவெளியில் நொடிக்கு நூற்று முப்பது தடவைக்கு மேல் சுவரில் முட்டும். இதற்குப் புதிதாக எதுவும் வாங்கவில்லை. பழைய கனத்த ரஜாய் (பஞ்சுப் போர்வை) இரண்டைத் திரைச்சீலைக் கம்பியில் போட்டு, சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் முன்னால் தொங்கவிட்டேன். அந்த இடைவெளியால்தான் கொஞ்சம் கீழான ஒலிகளும் அடங்குகின்றன. எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி, புத்தகங்களை வரிசை கலைத்து முன்னும் பின்னுமாக வைத்தேன். நடுக்கம் போய்விட்டது.

பழைய ரஜாய் போதுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு வாலஸ் சபைனைச் சொல்வேன். ஹார்வர்டில் 1895-ல் திறந்த ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை அரங்கில் எதிரொலியால் பேச்சே புரியவில்லை. சரிசெய்யச் சொல்லி இளம் இயற்பியல் ஆசிரியரான சபைனிடம் ஒப்படைத்தார்கள். அவர் இரவு நேரத்தில் அதே பல்கலைக்கழகத்தின் சாண்டர்ஸ் அரங்கின் இருக்கைத் திண்டுகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, திண்டுகள் கூடக்கூட ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். அறை ஒலியியல் என்ற துறையே அந்தத் திண்டுகளிலிருந்துதான் எழுந்தது.

ஆனால் அளவு மீறக் கூடாது. ஆர்வத்தில் தரை முழுக்கக் கம்பளம், மூன்று சுவரிலும் துணி என்று போட்டேன். வயலின் ஒலி செத்துப்போனது. நாதம் திரும்பி வராததால் நானறியாமலே வில்லை அழுத்த ஆரம்பித்திருக்கிறேன். மூன்று வாரத்தில் வலது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு சுவரையும் பாதித் தரையையும் வெறுமையாக விட்ட பிறகுதான் கை தளர்ந்தது.

வெளியே போகும் சத்தத்துக்கு உண்மையில் உதவியது, கதவின் அடியிலும் சட்டத்தைச் சுற்றியும் ஒட்டிய ரப்பர் பட்டை. இருப்பதிலேயே மலிவான பொருள், நாலு வருஷத்தில் ஒரே தடவை மாற்றினேன். இரவில் வயலினின் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒலியை அடக்கும் கனத்த ரப்பர் ம்யூட் மாட்டிக்கொள்கிறேன். சத்தம் வெகுவாகக் குறையும், நாதமும் மாறிவிடும். அதனால் இடது கை விரல் பயிற்சிக்கு மட்டும்.

காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பான வரம்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும் என்பது பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அப்படிப் பார்த்தால் 91 டெசிபலுக்கு 2 மணி நேரம்தான். சின்ன அறையில், இடது காதுக்குப் பக்கத்திலேயே வாசிக்கும் வயலின் அந்த அளவைச் சுலபமாகத் தொடும். நீண்ட சாதகத்தில் இடது காதில் அடைப்பான் வைத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட என்னை வாசிக்க வைத்தது சுவரில் அடித்த ஒரு கொக்கி. வயலின் பெட்டிக்குள் இருந்தவரை, திறந்து, வில்லை முறுக்கி, நோட்டு வைக்கும் ஸ்டாண்டை விரித்து முடிப்பதற்குள் ஐந்து நிமிஷ ஓய்வு கரைந்துவிடும். இப்போது கை நீட்டினால் வயலின். ஒரு நாளில் நாலைந்து தடவை எடுக்கிறேன். ஆகவே சொல்கிறேன், இருக்கும் காசை முதலில் கொக்கிக்கும் ஆடாத கனமான ஸ்டாண்டுக்கும் நல்ல விளக்குக்கும் போடுங்கள். மடக்கும் மலிவு ஸ்டாண்ட் தடிமனான நோட்டுப் புத்தகத்தைத் தாங்காமல் இரண்டு தடவை சாய்ந்தது.

கொக்கியை முதலில் வெயில் படும் வெளிச்சுவரில் அடித்திருந்தேன். வறண்ட ஒரு காலையில் போய்ப் பார்த்தால் தந்திகளை முறுக்கும் பிரடைகள் நழுவித் தந்திகள் தொளதொளத்து, பிரிட்ஜ் தரையில் கிடந்தது. உள்ளே மேல் பலகையைத் தாங்கி நிற்கும் சின்னக் குச்சியான சவுண்ட் போஸ்ட்டும் விழுந்து உருளும் சத்தம் கேட்டபோது வயிறு கலங்கிவிட்டது. அந்தக் குச்சியை மறுபடி நிற்க வைக்க வயலின் பழுது பார்ப்பவரால்தான் முடியும். கொக்கியை உட்சுவருக்கு மாற்றி, பக்கத்தில் ஈரப்பதமானி ஒன்றை மாட்டினேன். 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் வயலின் கொக்கியில் தொங்குகிறது, 40-க்குக் கீழே இறங்கினால் ஈரமூட்டி வைத்த பெட்டிக்குள் போகிறது.

ஜன்னல் மட்டும் இன்னும் பாக்கி. ஒற்றைக் கண்ணாடி, சட்டத்தில் இடுக்கு. முழுக்க அடைத்தால் அரை மணி நேரத்தில் அறை புழுங்குகிறது. இப்போதைக்கு ஜன்னலைத் திறந்துவைத்து வாசிக்கும் நேரத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பேசி மாலை ஆறிலிருந்து ஏழரை வரை என்று வைத்திருக்கிறேன்.