தள்ளிப்போடும் பழக்கத்துக்கு வட்டு டைமர்: வாங்கலாமா?

வேலையைத் தள்ளிப்போடுகிறவர்களைக் குறிவைத்து விற்கும் பொருள்களில், கொடுத்த காசுக்கு ஓரளவு உழைப்பது வட்டு டைமர்தான். 60 நிமிடம் குறித்த முகப்பு. குமிழைத் திருகினால் வண்ண வட்டு விரியும். நேரம் போகப்போகச் சுருங்கி, பூஜ்யத்தில் மறைந்துவிடும். ‘டைம் டைமர்’ நிறுவனத்தின் சிவப்பு வட்டு இந்த வகையில் பெயர்பெற்றது. அதே அமைப்பில் பலரும் செய்கிறார்கள். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது ஓரக்கண்ணால் பார்த்தாலே தெரியும்.

போனிலேயே டைமர் இருக்கிறதே என்றால், போனில் இருப்பதுதான் வில்லங்கம். நேரம் வைக்கக் கையில் எடுத்ததும் நாலு அறிவிப்புகள் கண்ணில் படும். டைமரை ஓடவிடும் முன்பே கவனம் கைநழுவிவிடும்.

ஆனால் இதை மருந்தாக நினைத்து வாங்க வேண்டாம். தள்ளிப்போடுவதை வெறும் நேர நிர்வாகக் கோளாறாகப் பார்க்க முடியாது என்பது ஃபூஷியா சிரோயிஸ், டிம் பிச்சில் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் முன்வைத்த வாதம். ஒரு வேலை கிளப்பும் சலிப்பு, பயம், குழப்பத்திலிருந்து அப்போதைக்குத் தப்பிக்கும் வழி அது. டைமர் அந்த உணர்வைப் போக்காது. அதற்கு ஓர் எல்லை போடும், அவ்வளவுதான். ‘முடியும்வரை உட்கார வேண்டும்’ என்பது ‘வட்டு மறையும்வரை உட்கார்ந்தால் போதும்’ என்று மாறுகிறது.

அதனால் எத்தனை நிமிடம் வைக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பலரும் சொல்வது 25. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய பொமொடோரோ முறையின் கணக்கு அது: 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று முடிந்ததும் 15 முதல் 30 நிமிடம் நீண்ட ஓய்வு. ஏற்கெனவே வேலையில் இறங்கியவருக்கு நல்ல அளவு. நாள்கணக்கில் ஒரு கோப்பைத் திறக்காமலே இருப்பவருக்கு 25 மலைப்பாகத்தான் இருக்கும். 5 அல்லது 10 வையுங்கள். முகப்பில் 60 இருக்கிறதே என்று அதுவரை திருகுகிறவர்கள்தான் சீக்கிரம் டைமரை அலமாரியில் போடுகிறார்கள்.

திருகும் முன் ஒரு தாளில் ஒரே வரி எழுத வேண்டும். ‘அறிக்கையை முடிக்கணும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘கோப்பைத் திறந்து மூன்று துணைத் தலைப்பு போடணும்’ என்று, கை செய்ய வேண்டிய முதல் காரியம் வரட்டும். அந்த வரியே வரவில்லையா? வேலை இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். முதல் பத்து நிமிடத்தை யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று குறிப்பதற்குச் செலவிடுங்கள். தொடங்கும் தருணத்தையும் முன்கூட்டியே கட்டிவைக்கலாம்: ‘மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும் குமிழைத் திருகுவேன்.’ உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ‘இது நடந்தால் அதைச் செய்வேன்’ வகைத் திட்டம் இதுதான்.

மணி அடித்ததும் நிறுத்துவதா, தொடர்வதா? முதல் சில நாள்களாவது நிறுத்திவிடுவது நல்லது. பத்து நிமிடம் என்று சொல்லி ஒரு மணி நேரம் வேலை வாங்கினால், மறுநாள் மனம் அந்தப் பத்தை நம்பாது. எழுந்திருக்கும் முன் அடுத்த வரியை எழுதி வைத்துவிடுங்கள். இடைவேளையில் போன் வேண்டாம். ஐந்து நிமிடத்தில் அதைக் கீழே வைப்பவர் அபூர்வம்.

வாங்கும்போது முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். சில மாடல்களின் டிக்டிக் ஓசை அமைதியான அறையில் எரிச்சலூட்டும். மணியின் ஒலியைக் குறைக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓரிரு நிமிடம் முன்பின் ஆகலாம் என்பதால், துல்லியம் தேவைப்படும் காரியத்துக்கு இது ஆகாது. சாவி கொடுக்கும் ஸ்பிரிங் வகை மலிவு. ஆனால் பலவற்றில் குறைந்த நிமிடம் வைக்க, முதலில் நன்றாக முன்னே திருகிப் பிறகு பின்னே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் மணி சரியாக அடிக்காது. பக்கத்துக்கு ஒரு நேரம் குறித்து, புரட்டிப் போட்டால் ஓடும் கனசதுர வகையில், மிகக் குறைந்த நேரமே 15 நிமிடம் என்றால் தொடவேண்டாம்.

வட்டு சுருங்குவதைப் பார்த்தாலே படபடக்கிறவர்கள் முகப்பைத் திருப்பி வைத்து மணியை மட்டும் நம்பலாம். வேலை, கட்டணம், குளியல் என்று எல்லாமே மாதக்கணக்கில் தேங்கி நிற்கிறதென்றால், பின்னால் மனச்சோர்வோ ஏடிஎச்டி என்ற கவனக்குறைபாட்டுக் கோளாறோ இருக்கலாம். டைமருக்குச் செலவழிப்பதை மருத்துவரைப் பார்க்கச் செலவழியுங்கள்.