60 வருடத் தேக்கு என்று வாங்கிய சுவர், மாவாக உதிர்கிறது

பழைய மரத் துண்டுகளை ஏற்ற இறக்கமாக ஒட்டிச் செய்யும் சுவர் டைல்ஸ் வாங்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஹோலில் டீவிக்குப் பின்னால் சுவர் வெறுமையாகக் கிடந்தது. பேஸ்புக்கில் படம் பார்த்து எனக்கும் மனைவிக்கும் ஆசை வந்துவிட்டது. “60 வருட வீடு ஒன்றை உடைத்தோம் அண்ணே, அதன் ஜன்னல், நிலை எல்லாம் தேக்கு, அதை அறுத்துச் செய்தது” என்றார் விற்றவர். சதுர அடி 1,450 ரூபாய். 48 சதுர அடிக்கு 69,600. பில் கேட்டேன். வட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்னும் அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

மார்ச்சில் ஒட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை தடவிப் பார்க்காமல் போகவில்லை.

ஜூனில் டீவி மேசையில் வெளிர் மஞ்சள் தூள். முகப் பவுடர் மாதிரி அவ்வளவு மென்மை. துடைத்தால் மறுநாளும் இருக்கும். வீடு ஒழுங்காகக் கூட்டுவதில்லை என்று மாமி எங்களைத்தான் சொன்னார். டோர்ச் அடித்துப் பார்த்தால் டைல்ஸ் முழுக்கக் குண்டூசித் தலையளவு ஓட்டைகள்.

மொறட்டுவையில் தெரிந்த தச்சு பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் ஒரு டைலைக் கழற்றி வாளால் அறுத்துக் கையில் தந்தார். மேலே கபிலச் சாயம், ஒரு தோல் அளவுக்கு. உள்ளே வெளிறிய கிறீம் நிறம். “இது றப்பர், மாத்தையா” என்று சிரித்தார்.

றப்பர் மரம் கெட்ட மரம் இல்லை. அறுத்தவுடன் போரக்ஸ் மருந்து ஏற்றிச் சூளையில் காயவைத்தால் நல்ல தளபாடம் செய்யலாம். மருந்து ஏற்றாவிட்டால், அதிலுள்ள மாச்சத்துக்கு, மரத்தைத் துளைத்துத் தூளாக்கும் இந்த உளு வண்டு வந்துவிடும். காய்ந்து கிடந்த பழைய தேக்கின் வைரத்தில், அதாவது கெட்டியான நடுமரத்தில், அதற்குத் தின்ன ஒன்றுமில்லை. பாஸ் வருவதற்கு முன்பே அந்தத் தூள் உண்மையைச் சொல்லியிருக்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை.

விற்றவருக்குப் போன் பண்ணினேன். மண்ணெண்ணெய் பூசச் சொன்னார். டீவிக்குப் பின்னால் மண்ணெண்ணெய்! மருந்துதான் அடிக்கலாமே என்றால், வார்னிஷ் போட்ட மரத்துக்குள் அது இறங்காது என்கிறார் பாஸ். நாம் காணும் ஓட்டை, வண்டு வெளியே போன வழி. புழு இன்னும் உள்ளே தின்றுகொண்டிருக்கும்.

அப்புறம் விற்றவர் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் போன் பண்ணிப் பேசினேன். அவர்கள் முதலில் கேட்டது பில். வங்கிக்குப் பணம் போட்ட சிட்டையும் வட்ஸ்அப் பேச்சும்தான் என்னிடம் இருக்கின்றன. அவற்றை வைத்து எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன்.

நீங்கள் வாங்கப் போனால், குவியலிலிருந்து நீங்களே ஒரு டைலை எடுத்து, கண் முன்னால் குறுக்கே அறுக்கச் சொல்லுங்கள். ஒரு டைலின் காசைக் கொடுத்தாவது அறுக்க வையுங்கள். பழைய தேக்கு உள்ளேயும் பொன் கபிலமாக இருக்கும், அறுக்கும்போதே மணக்கும். பின்பக்கத்தைத் திருப்பி வெள்ளைத் தாளின் மேல் தட்டி, தூள் கொட்டுகிறதா என்றும் பாருங்கள். மரத்தின் பெயரைப் பில்லில் எழுதித் தர மறுத்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

ஞாயிறு பாஸ் வந்து எல்லாவற்றையும் கழற்றுகிறார். கூலி 12,000. அதுவரை டீவியைப் பழைய பெட்ஷீட்டால் மூடி வைத்திருக்கிறோம்.